பெயர் இரண்டு, ஏடு ஒன்று

என் தங்கை தன் தெருப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து மாதாந்திரச் சேமிப்பு ஒன்றை நடத்திவருகிறாள். ஆறு மாதக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதாகப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் முன்வந்தாள். "இனிமேல் அந்த நோட்டு எதற்கும்மா? தூக்கிப் போடுங்க" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

ஒரு மாலை, அண்டை வீட்டு மாமி ஒருவர், மூன்றாம் மாதம் தாம் கட்டியது 300 அல்ல, 500 என்றார். வேறு சிலரும் தத்தம் தொகையைத் திருத்தச் சொன்னார்கள். பழைய கணக்குக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் மருமகள் ஐந்தாறு இடங்களில் திருத்தினாள். பிறகு ஒத்துப் பார்த்தால், பழைய கணக்கிலும் 500 என்றே இருந்தது! திருத்திய இடமெல்லாம் இரண்டிலும் மாறியிருந்தது. முன்பு என்ன இருந்தது என்பதற்குக் கணிப்பொறியில் சாட்சியே இல்லை. பிறர் பணத்தை வாங்கி வைத்திருப்பவளுக்கு இது எத்தகைய சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, நான் பிரதி எடுத்தது உண்மை" என்று கண் கலங்கினாள் பிள்ளை. கலைப் பட்டதாரியாகிய நான் அவளுடைய பாடநூல்களோடு இரண்டு இரவு உட்கார்ந்தேன். வாசக அன்பர்களின் வீட்டுப் பிள்ளைகளும் இதே இடத்தில் இடறக்கூடும் என்பதால் விளங்கியதை எழுதுகிறேன்.

பத்துப் பேர் பத்து நிரைகள். ஆறு மாதங்கள் ஆறு பத்திகள். ஆக 60 கட்டங்கள். இதற்குப் பெயர் இருபரிமாண அணி. (கணக்குப் பாடத்தில் பத்தியை 'நிரல்' என்பார்கள், கணிப்பொறிப் பாடத்திலோ புரோகிராமுக்கே 'நிரல்' என்று பெயர். குழப்பம் வேண்டாமென்று இரண்டையும் தவிர்க்கிறேன்.)

தமிழகத்தில் 2018-19இல் பதினோராம் வகுப்புக்கும், மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த புதிய பாடத்திட்டத்தில் முதலாண்டு சி++, இரண்டாமாண்டு பைத்தான் என்று வைத்தார்கள். சி++ மொழியின் சாதாரண அணியில் 'புதியது = பழையது' என்று எழுதினால் கம்பைலர் ஒப்புக்கொள்ளாது; பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும். ஆகவே ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு எழுத வேண்டும். வெளி மடக்கு நிரைகளை எண்ணிப் பத்து முறை சுழலும். அதன் ஒவ்வொரு சுற்றிலும் உள் மடக்கு ஆறு முறை சுழன்று ஒவ்வொரு கட்டமாக எடுத்து வைக்கும். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கடைசி நிரையின் எண் 9. 10 என்று எழுதிவிட்டால் அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொட்டுவிடுவோம். சி++ அதைத் தடுக்காது. வேலை நீளந்தான். ஆனால் முடிந்த பின் கையில் இருப்பவை உண்மையிலேயே இரண்டு ஏடுகள்.

பைத்தானில் 'புதியது = பழையது' என்று எழுதினால் மறுப்பே வராது. அந்த இணக்கந்தான் ஆபத்து. அங்கே நிகழ்வது பிரதி எடுத்தலன்று. இருக்கும் ஒன்றுக்கு இன்னொரு பெயர் சூட்டுதல். நம் வீடுகளில் பதிவேட்டில் ஃபாத்திமா என்றிருக்கும் பிள்ளையை வீட்டில் பாத்து என்று அழைப்பதில்லையா? ஃபாத்திமாவுக்குக் காய்ச்சல், பாத்து நலமாக இருக்கிறாள் என்று சொல்ல முடியுமா? மருமகள் செய்தது இதுதான்.

இதை அறிந்ததும் அவள், பட்டியலின் பெயரோடு சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு முக்காற்புள்ளி இட்டுப் பிரதி எடுக்கும் முறையைக் கையாண்டாள். சோதனைக்காகப் புதிய கணக்கில் பதினோராவது பெண்ணுக்கு ஒரு நிரை சேர்த்தாள். பழையதில் பத்தே இருந்தது. "சரியாகிவிட்டது மாமா" என்றாள். எனக்கும் அப்படியே தோன்றிற்று. பிறகு ஒரு தொகையை மாற்றினோம். மீண்டும் இரண்டிலும் மாறிற்று!

இங்கேதான் நான் அதிக நேரம் திகைத்து நின்றேன். பைத்தானின் இருபரிமாணப் பட்டியல் என்பது பட்டியல்களின் பட்டியல். வெளிப்பட்டியலுக்குள் தொகைகள் இல்லை. ஒவ்வொரு நிரையும் எங்கே இருக்கிறது என்ற குறிப்பே இருக்கிறது. முக்காற்புள்ளி முறை அந்தக் குறிப்புகளை மட்டும் புதிய ஏட்டில் எழுதுகிறது. நிரைகளோ பழையவையே. ஆகவே புதிய நிரை சேர்த்தால் பழைய ஏட்டைத் தொடாது. இருக்கும் நிரைக்குள் ஓர் எண்ணை மாற்றினால் இரண்டிலும் தெரியும். அரைகுறைப் பிரதி முழுப் பிரதியைப் போல் நடித்து ஏமாற்றுவது இதனால்தான்.

தீர்வு கடினமன்று. ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே பிரதி எடுத்துப் புதிய பட்டியலில் சேர்க்கலாம். அல்லது 'காப்பி' என்னும் தொகுதியிலுள்ள 'டீப்காப்பி'யை அழைத்தால் அது உள்வரை சென்று எடுத்துத் தரும். முந்திய ஆண்டு படித்த இரட்டை மடக்கையும் எழுதலாம். உள் மடக்குக்கு முன் ஒவ்வொரு முறையும் வெற்றுப் பட்டியல் ஒன்றைப் புதிதாகத் தொடங்க மறக்கக் கூடாது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நான் இதையே சொல்வேன். கை வலித்தாலும் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தங்கை நோட்டைத் தூக்கிப் போடவில்லை. அதில் மூன்றாம் மாதத்துக்கு நேரே மாமியின் தொகை 500 என்றே இருந்தது. 300 என்று ஏற்றியது பிள்ளையின் விரல் பிசகு. மற்ற திருத்தங்களில் இரண்டு தவறு. இப்போது மருமகள் பிரதி எடுத்தவுடன் ஏதேனும் ஒரு கட்டத்தில் 999 என்று மாற்றி, பழையது அசையாமல் இருக்கிறதா என்று உம்மாவை அழைத்துக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்குகிறாள். உம்மா வருகிறாள், நோட்டோடு.