ஷோகேஸில் ஒரு சிறுகோள்!

பார்த்தால் கருகிப்போன உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கும். ஆனால், அதை ஷோகேஸில் குட்டிக் கார்களுக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்க்கிறார்கள் சிலர். சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களின் மாடல்கள்தான் அவை. ராக்கெட், விண்கல மாடல்களைச் சேர்த்தவர்கள், இப்போது அந்த விண்கலங்கள் போய்ச் சேர்ந்த இடங்களையும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பென்னு, இடோகாவா, ஈராஸ் போன்ற சிறுகோள்களின் வடிவங்களை நாசாவே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஃபைலை டவுன்லோடு செய்து த்ரீடி பிரின்டரில் கொடுத்தால், பிளாஸ்டிக்கை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்து மாடலைத் தந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கிப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். ஐயாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சுமார் 490 மீட்டர் அகலமுள்ள பென்னு, 10 செ.மீ ஆகிவிடும். இடோகாவா அதைவிடக் கொஞ்சம் நீளம். ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் போய்வந்த ரியுகு, 18 செ.மீ. சரி, ஈராஸ்? நிஜத்தில் 34 கி.மீ நீளம் என்பதால், மாடலே கிட்டத்தட்ட 7 மீட்டர் வரும். ஹாலில் இருக்கும் சோபாவைத் தூக்கி வெளியே போட்டாலும் இடம் பத்தாது!

பென்னு மாடல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது வழவழவென்று இருந்தால், பழைய மாடல். பூமியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை வைத்து 2013-ல் உருவாக்கிய வடிவம் அது. 2018 டிசம்பரில் நாசாவின் ஒசைரிஸ் ரெக்ஸ் விண்கலம் நேரில் போய்ப் பார்த்தபோது, பம்பரம் போன்ற வடிவம் என்னவோ அப்படியே பொருந்தியது. ஆனால், மேற்பரப்பு முழுக்கப் பாறைகள்!

மண் எடுக்க 50 மீட்டர் அகலத்துக்குச் சமதளமான இடம் வேண்டும் என்பதுதான் திட்டம். மாடலில் அது ஒரு செ.மீ. அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் 'நைட்டிங்கேல்' என்று பெயர் வைத்த பள்ளத்தில் 16 மீட்டர் இடம்தான் தேறியது. மாடலில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய புள்ளி, அவ்வளவுதான். பூமியிலிருந்து சிக்னல் போய்ச்சேரவே 18 நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால், இங்கிருந்து ஓட்டவும் முடியாது. முன்பே எடுத்த படங்களோடு தரையை ஒப்பிட்டு ஒப்பிட்டு, விண்கலம் தானே இறங்கியது. 2020 அக்டோபர் 20 அன்று அந்தப் புள்ளியைச் சரியாகத் தொட்டது.

தொட்ட கை நிற்கவில்லை, அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. காரணம், பென்னு ஒரே பாறை அல்ல. லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் கற்குவியல். உள்ளே பாதி வெற்றிடம்தான். கெட்டியான பிளாஸ்டிக் மாடலில் இது மட்டும் தெரியாது. 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்த மண், 121.6 கிராம்.

மாடலுக்கு பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். மேலே விழும் வெளிச்சத்தில் 4 சதவிகிதம் போலத்தான் பென்னு திருப்பி அனுப்புகிறது. அதனால் பளபளப்பு வேண்டாம், கரி மாதிரி மங்கலான கறுப்பே போதும். நைட்டிங்கேல் இருப்பது பென்னுவின் வடக்குப் பாதியில். வீட்டுக் குட்டீஸிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம்!