தோற்கும் உரிமை

கோயில் வீதியிலே கிளித்தட்டு மறித்த நாட்களை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பெரியவர்களோடு கலந்துகொண்ட சிறுவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என ஓடவிடுவோம். கிளி அடித்தாலும் அவனுக்கு ஆட்டமிழப்பு இல்லை. சலுகைதான், ஆயினும் அவன் முகம் வாடிவிடும். தோற்கும் உரிமை அற்றவனுக்கு வெற்றி ஏது?

இக்காலக் கணினி விளையாட்டுகளிலும் இதே வழக்குத்தான். ஜப்பானிலே ஆக்கப்பெற்று 2022 இல் வெளிவந்த 'எல்டன் ரிங்' என்னும் சமர் விளையாட்டிலே 'இலகு', 'கடினம்' என்ற தெரிவே கிடையாது. இயலாதவன் இணையவழியே துணைவரை அழைக்கலாம். அல்லது அலைந்து திரிந்து வலிமை தேடலாம். 2024 யூனில் வந்த அதன் தொடர்ச்சி மிதமிஞ்சிக் கடினமென்று பல நாடுகளிலிருந்தும் முறைப்பாடு எழுந்தது. சில நாட்களுள் நிறுவனம் இணங்கிற்று. எவ்வாறு? பகைவரை மெலிவிக்கவில்லை; வீரன் தேடியெடுக்கும் வரத்துண்டுகளின் பலனைக் கூட்டிற்று. (கடைசிப் பகைவனைச் சற்றே தணித்தது பின்னர், செப்டெம்பரில்.) தேடியவனுக்கே சலுகை! நல்ல ஏற்பாடென்றே எனக்குப் படுகிறது.

என் பெயரன் அதிலே ஒரே பகைவனிடம் மூன்று இரவுகள் தோற்றான். "விடன் ராசா" என்றேன்.

"இல்லை அப்பப்பா, அவன் வாளை ஓங்கிப்போட்டுக் கொஞ்சம் பொறுக்கிறான். நான்தான் அந்தரப்பட்டு முந்தி உருளுறன்" என்றான்.