எடைக்குப் போடுவதற்கு முன்

பழைய ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு மங்கலாகக் கேட்கிறது என்று கடையில் சொல்லிப் பாருங்கள். ஒரே பதில்தான்: "இதை எடைக்குப் போட்டுட்டு டிவிக்குக் கீழே வைக்கிற நீளப் பெட்டி வாங்கிக்குங்க சார்." மசியாவிட்டால், ஆயிரக்கணக்கில் விலை சொல்லி ஒரு தடித்த ஒயரைக் காட்டுவார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

பல பெட்டிகளில் கெட்டிருப்பது ஸ்பீக்கர் அல்ல, உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர். தவில் போன்ற கனத்த ஒலியை வூஃபருக்கும், தாளத்தின் கிணுகிணுப்பை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் வறண்டு போகும். அதற்காக ஸ்பீக்கரையே எறிவது, மூக்குக் கண்ணாடி கீறிவிட்டது என்று கண்ணை மாற்றுவது போல.

கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் ஆகாதா? ஆகும். ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே ஒரு கோளாறு உண்டு. நான் தபால் பிரிவில் இருந்தவன். வந்த தபாலை முதலில் பிரிப்போம், பிறகுதான் அந்தந்த செக்‌ஷனுக்குப் போகும். பெட்டிக்குள் நடப்பது தலைகீழ். ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிய பிறகு காயிலும் கெப்பாசிட்டரும் பிரிக்கின்றன. கொஞ்சம் சக்தி காயிலில் சூடாகிப் போகிறது. ஸ்பீக்கரின் ஓம் அளவு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவதால், பிரியும் இடமும் கணக்குப்படி நிற்பதில்லை.

கம்ப்யூட்டரில் முதலிலேயே பிரித்துவிடலாம். விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸுக்கு கமில்லா டிஎஸ்பி, இரண்டும் இலவசம். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்களின் பெயரில் 1976 முதல் வழங்கும் முறையில் பிரித்தால், இரண்டு பாதியும் சேரும்போது மேடு பள்ளம் வராது. ட்வீட்டரை விட வூஃபர் 3 சென்டிமீட்டர் பின்தள்ளி இருந்தால், ட்வீட்டரை மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாமதித்தால் சரியாகிவிடும். எந்தக் காயிலுக்கும் இது சுலபமல்ல.

"கம்ப்யூட்டர் நுழைந்தால் சங்கீதம் செத்துவிடும்" என்கிறார் ஒரு நண்பர். அவர் பூஜை அறையில் பாடுவது சிடி. 1982-ல் கடைக்கு வந்ததிலிருந்து சிடி என்பது செகண்டுக்கு 44,100 எண்கள்தான். நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கேட்ட பெயர் ஃபூரியே. அலைகளைப் பிரித்துப் பார்க்கும் அவருடைய கணக்கு 1822-லேயே புத்தகமாகிவிட்டது. கணக்கைக் கண்டு இப்போது பயப்படுவானேன்?

செய்முறை இதுதான். மேசைக் கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை, கறுப்பு ஓட்டைகள் இருந்தால் நான்கு சேனல் கிடைக்கும். இல்லையென்றால் யுஎஸ்பி சவுண்டு கார்டு. பச்சை வூஃபர்களுக்கு, கறுப்பு ட்வீட்டர்களுக்கு. இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் பழசு போதும். உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரை விலக்கி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஒயர் இழுக்க ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. கம்ப்யூட்டர் அமைப்பு என்றைக்காவது கலைந்தால் கனத்த ஒலி முழுவதும் ட்வீட்டரில் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கிறீர்கள், ட்வீட்டர் 8 ஓம் என்றால், அதன் ஒயரில் 30 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் காவலுக்குப் போடுங்கள். கம்ப்யூட்டரைப் போட்ட பிறகு ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

"இந்த வயதில் எதற்கு?" என்பார்கள். இந்த வயதில்தான் வேண்டும். காது உச்ச ஒலியை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறது. மிச்சமிருப்பதையாவது, சாகித்யத்தின் எழுத்து புரியும்படி கேட்க வேண்டாமா? பழைய சாமான்காரர் வருவதற்குள் நாலு திருகைக் கழற்றிப் பெட்டிக்குள் பாருங்கள். பேரப்பிள்ளை லீவில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு ஒரு மத்தியானம்.