மடியில் வரைபடம், எதிரில் கடிகாரம்



கணினி விளையாட்டைப் பற்றி மதரஸாவுக்கு வந்து கேட்கும் பெற்றோருக்கு, "வேண்டாம், விலக்கிவிடுங்கள்" என்ற ஒரே விடையைத்தான் எங்களில் பலர் சொல்லி வருகிறோம். சுடுவதும் வெட்டுவதுமான விளையாட்டுகளைப் பொறுத்தவரை அந்த விடையில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அண்மையில் ஒரு தந்தை கேட்டது வேறு வகையான கேள்வி. அவருடைய பதினான்கு வயது மகன் 1930களைச் சேர்ந்த சிறு விமானமொன்றைத் திரையில் ஓட்டிப் பழகுகிறானாம். மடியில் ஒரு காகித வரைபடமும் மேசைமீது ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு, கீழே தெரியும் மலையையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டுபிடிக்கிறானாம். "இது வீண் காரியத்தில் சேருமா, ஹஜ்ரத்?" என்றார். சேராது என்றேன். ஏன் சேராது என்பதை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்துகொள்வது நல்லதென்று தோன்றியது.

விமானப் பயணத்தை வீட்டுக் கணினியில் ஒத்திகை பார்க்கும் மென்பொருள் புதிதன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஃபிளைட் சிமுலேட்டரை முதன்முதலில் வெளியிட்ட ஆண்டு 1982. விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இவற்றில் இக்கால விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் இருக்கும் இடத்தைத் திரையில் ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும். தானியங்கிக் கருவி விமானத்தைத் தானே செலுத்தும். பைப்பர் கப் போன்ற பழைய விமானத்தில் அந்த வசதிகள் கிடையா. திசைமானி, உயரமானி, வேகமானி, இவற்றோடு உங்கள் கண்கள். அவ்வளவே.

நம் நாட்டில் தொடக்ககால வான்வழி அஞ்சல் சென்றதும் இப்படித்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹுவுக்குப் பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அஞ்சல் மூட்டைகளோடு வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுவந்தார். வானொலித் தொடர்பு இல்லை. தரையிலிருந்து வழிசொல்ல எவருமில்லை. 50 ஆண்டுகள் கழித்து, 1982இல், தமது 78ஆம் வயதில் டாட்டா அதே கராச்சி-பம்பாய் வழியில் லெப்பர்ட் மாத் என்ற பழைய விமானத்தைத் தனியாகவே ஓட்டிவந்தார். அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பறக்க முயன்றதை மேடைதோறும் சொல்லி மகிழும் நாம், அண்மைக்காலத்து மனிதர்களின் இத்தகைய உழைப்பைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது குறைவு.

இக்கலையைப் பழக நம் திருவண்ணாமலையைவிட வசதியான தொடக்க இடம் இருக்க முடியாது. சமவெளியில் தனித்து எழும் மலை, 814 மீட்டர் உயரம். கார்த்திகையில் நம் அண்டை வீட்டார் உச்சியில் ஏற்றும் தீபம் எத்தனையோ ஊர்களுக்குத் தெரிகிறது என்பதிலிருந்தே, வானத்திலிருந்து இம்மலை எப்படித் தெரியும் என்று ஊகிக்கலாம். இங்கிருந்து வேலூர்க் கோட்டை நேர்கோட்டில் ஏறக்குறைய 77 கி.மீ.; திசை வடக்கு, மிகச் சிறிதே கிழக்கு. பைப்பர் கப்பின் வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 2 கி.மீ. ஆகிறது. 16ஆம் நிமிடத்தில் வலப்புறம் போளூர் தெரிய வேண்டும். 38, 39 நிமிடங்களில் வேலூர். இடப்புறம் ஜவ்வாது மலை சுவர்போல உடன் வரும். வலப்புறம் விழுப்புரம்-காட்பாடி ரயில் பாதை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை பையன் தொலைந்துபோகவில்லை. வேலூரைக் கவனியாமல் கடந்துவிட்டாலும், ஊருக்கு வடக்கே கிழக்கு மேற்காகப் பாலாற்றின் அகன்ற மணற்படுகை குறுக்கிடும். அதைப் பார்த்துவிட்டால் அதிகம் வந்துவிட்டோம் என்று பொருள். இப்படி ஒரு தடுப்புக்கோட்டை முன்கூட்டியே தேர்ந்துவைப்பது பழைய விமானிகளின் வழக்கம்.

காற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இவையெல்லாம் பொய்த்துவிடும். மேற்கிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அந்த 38 நிமிடங்களுக்குள் விமானம் ஆற்காட்டுப் பக்கமாக ஏறக்குறைய 13 கி.மீ. தள்ளப்பட்டிருக்கும். மூக்கு வடக்கே பார்த்தபடிதான் இருக்கும். திசைமானியிலும் குறை இராது. இதைச் சரிசெய்ய விமானிகள் ஓர் எளிய வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: 60 கி.மீ. பறந்து 1 கி.மீ. விலகியிருந்தால் பிழை 1 பாகை. பாதி வழியில், 30 கி.மீ. தூரத்தில், 3 கி.மீ. விலகியிருப்பது தெரிந்தால் பிழை 6 பாகை. எட்டாம் வகுப்புக் கணக்கு. கோணமும் விகிதமும் எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எனினும் என்னைக் கவர்ந்தது கணக்கன்று. அதனினும் நுட்பமான ஓர் ஒழுங்கு. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஓர் ஏரி. மழைக்காலத்தில் நிறைந்தும் கோடையில் வறண்டும் உருமாறிக்கொண்டே இருப்பவை. ஒன்றுக்கொன்று ஒத்தும் இருப்பவை. புதிதாகப் பழகுபவன் கீழே ஓர் ஏரியைக் காண்கிறான். வரைபடத்திலும் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. "இதுதான் அது" என்று முடிவுகட்டிவிடுகிறான். அடுத்து வரும் ஒவ்வொன்றையும் அந்தத் தவறான முடிவுக்குப் பொருத்திக்கொண்டே போகிறான். ஆகவே தேர்ந்த விமானிகள் வரிசையை மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் கடிகாரத்தைப் பார். இந்நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் பார். அதன்பின் தரையில் தேடு. ஓர் அடையாளம் போதாது, இரண்டு மூன்று ஒன்றுசேர வேண்டும். ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இது பழகிய பாடம். ஓர் அறிவிப்பு தனித்து வரும்போது அதற்குத் துணைநிற்கும் வேறு அறிவிப்பு உண்டா என்று நம் இமாம்கள் தேடியதன் காரணமும் இதுவே: மனம் விரும்புவதைக் கண் கண்டுவிடும்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 15, 16ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். மலைகளும் ஆறுகளும் பாதைகளும் சொல்லப்பட்ட பின் வழியறியும் அடையாளங்களும் நட்சத்திரமும் வருகின்றன. அந்தப் பையனின் வரைபடத்தில் இருப்பவையும் இவைதாமே! 15ஆம் நூற்றாண்டின் அரபுக் கடலோடி இப்னு மாஜித் தம் நூல்களில் நட்சத்திரங்களோடு கரையோரக் குறிகளையும் பதிவுசெய்தார். (வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் அவரே என்ற கதையை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை, பயான்களில் அதைத் தவிர்க்கலாம்.) கப்பலுக்கு வழிசொல்பவரை அரபியர் முஅல்லிம் என்றழைத்தார்கள். நம் மாலுமி என்ற சொல் அதிலிருந்து வந்ததே. மதரஸாவில் எங்களை அழைக்கும் பெயரும் அதுவாக இருப்பதால், இவ்விஷயத்தில் தலையிட எனக்குச் சிறிது உரிமை உண்டென்று எண்ணுகிறேன்.

கிப்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து மக்கா, நேர் மேற்கிலிருந்து சுமார் 19 பாகை வடக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. வெளியூரில் பிள்ளைகளிடம் கிப்லா கேட்டால் உடனே கைபேசியை எடுக்கிறார்கள். அதிலுள்ள திசைமானி பக்கத்தில் இரும்போ ஒலிபெருக்கியோ இருந்தால் பிசகிவிடும் என்பதை அவர்கள் அறியார்கள். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதென்று நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. திசை தெரியாத பயணி முயன்று தேடிய பிறகே தொழ வேண்டும் என்கிறது ஃபிக்ஹு. தேடித் தொழுதபின் தவறென்று தெரியவந்தால் ஹனஃபி மத்ஹபில் மீட்டித் தொழ வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் மீட்ட வேண்டும். தேடாமல் ஏதோவொரு பக்கம் நின்றுகொள்வதை இரண்டுமே ஏற்பதில்லை. அந்தத் தேடலுக்குரிய பயிற்சி நம் பிள்ளைகளிடம் மறைந்துவருவதே என் கவலை.

அத்தந்தை விடைபெறும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். "நம் வீட்டுப் பிள்ளை விமானம் ஓட்டிப் பழகுகிறான் என்று வெளியில் தெரிந்தால் யாராவது தவறாக நினைப்பார்களோ?" இந்த அச்சம் எங்கிருந்து வருகிறதென்று நமக்குத் தெரியும். 2001க்குப் பிறகு வளர்ந்த நம் பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்காகக் கூச்சப்படக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு இடங்கொடுக்கலாகாது என்பது என் திடமான கருத்து. கணினியைக் கதவு மூடிய அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையனும் வந்து அமரட்டும். ஒருவன் ஓட்ட மற்றவன் வரைபடம் பார்க்கட்டும். மலை இருவருக்கும் தெரிந்த மலைதானே.

சில நிபந்தனைகளையும் சொன்னேன். புறப்படுமுன் வழியைக் காகிதத்தில் வரைந்து நிமிடங்களைக் குறித்திருக்க வேண்டும். இடங்காட்டும் புள்ளியை இறங்கும்வரை திறக்கக் கூடாது. பாங்கு ஒலித்ததும் இடைநிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு எழ வேண்டும். உண்மை விமானிக்கு இல்லாத வசதி அது. இந்தப் பழக்கத்தால் விமானியாகிவிடலாம் என்று எவரும் ஆசைகாட்ட வேண்டாம். அந்தப் படிப்புக்குப் பல லட்சங்கள் வேண்டும், வீட்டில் பறந்த மணிநேரம் அங்கே கணக்கில் சேராது. தந்தையும் தாயும் கடந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்கலாம்: "இப்போது எங்கே இருக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?"

வேலூர் வழி கைவந்தபின், விடுமுறையில் வின்சென்ட் வந்த பெல்லாரி-சென்னை வழியைத் தரலாம். நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ.; மணிக்கு 160 கி.மீ. பறக்கும் பழைய விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லுஹர் ஜமாஅத் முடிந்து அமர்ந்தால் அஸருக்குள் இறங்கிவிடலாம். நேராகச் சென்னையைக் குறிவைக்காமல் வேண்டுமென்றே சிறிது தெற்கே குறிவைக்கச் சொல்லுங்கள். கடற்கரை வந்ததும் நகரம் எந்தப் பக்கம் என்ற ஐயமே எழாது. இடப்புறம் திரும்ப வேண்டியதுதான்.