பத்து நிமிடத் தண்ணீர்

ஒரு தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் பத்தே நிமிடம். அதன்பிறகு கிராமத்தில் அந்த வண்டி ஏரிக்கோ கிணற்றுக்கோ பம்புசெட்டுக்கோ ஓட வேண்டும். அந்தக் கிணறும் பம்புசெட்டும் யாருடையவை?

ஆய்வுக்காக ஒரு சேரியில் தங்கியிருந்தபோது ஒரு பாட்டி சொன்னார். சித்திரை மாத நடுப்பகலில் ஒரு குடிசையில் பிடித்த தீ, வரிசையாகத் தாவியிருக்கிறது. வண்டி வந்தது, தண்ணீர் தீர்ந்தது. கூப்பிடு தூரத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பம்புசெட். மோட்டார் ரூம் சாவி டவுனுக்குப் போயிருக்கிறது என்றார்களாம். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் மேலும் ஏழு வீடுகள் சாம்பல். "அன்னைக்குச் சாயங்காலமே அந்த மோட்டார் ஓடுச்சு கண்ணு, கரும்புக்கு" என்றார் பாட்டி. மின்கசிவு என்று பதிவானது. சாவியைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை.

யாரோ ஒரு கல்நெஞ்சக்காரரின் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அன்று மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். சாலையை மறித்தால் தண்ணீரையும் மறித்ததாகிவிடும். அங்கே வெட்டிப்போட்ட மரம் செய்த வேலையை, அமைதியான நாட்களில் ஒரு சாவி செய்துவிடுகிறது.

வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்கிறார்கள். கூட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பத்து வண்டி வந்தாலும் நிரப்ப இடம் வேண்டுமே! சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பொது நீர்நிலையைப் பயன்படுத்த விடாமல் தலித்துகளைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தீயை அணைக்கத் தனியார் கிணற்றுத் தண்ணீரையும் எடுக்கலாம் என்று பல மாநிலங்களின் தீயணைப்புச் சட்டங்கள் அதிகாரம் தருகின்றன. ஆனால் அந்த அதிகாரி தீ அணைந்ததும் போய்விடுவார். மறுநாள் காலையில் அதே நிலத்துக்காரரிடம்தான் சேரி கூலிக்குப் போக வேண்டும். சாவி எங்கே என்று அங்கே யார் கேட்பார்கள்?

மகாத் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட 1924-லேயே தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தால் ஒரு கை தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது.

எனவே ஊராரின் மனம் மாறும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காலனியிலும் தீயணைப்புக் குழாய் பொருந்தும் வாயோடு தரைமட்டத் தொட்டி ஒன்று வேண்டும். அதில் தீக்கென்று எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். லாரி நுழைந்து திரும்பும் அகலத்தில் சாலை வேண்டும். தண்ணீர் தர மறுத்தவர் யார் என்பது தீவிபத்து அறிக்கையில் ஏற வேண்டும். இவை எதற்கும் யாருடைய கருணையும் தேவையில்லை. ஊராட்சியின் பணமும் அரசின் உத்தரவும் போதும்.

குடிசைகள் எரிந்த செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள் தோழர்களே. இரண்டாவது நடைக்கு எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்றும் கேளுங்கள்.