முகாமில் பிறந்தது குற்றமா?

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மொட்டமலை இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வளரும் பிள்ளைகளுக்கு, 1983-இல் மூண்டு 2009 மே மாதம் ஓய்ந்த இலங்கைப் போர் பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே. இங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் படித்தவர்கள் அவர்கள். ஆனாலும் எந்த நாட்டுக் குழந்தை என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை.

2021-இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் சூட்டியது. 317 கோடி ரூபாயில் வீடு, கல்வி உதவிகளை அறிவித்தது. பாராட்டத்தக்க பணி. ஆனால், குடியுரிமை தருவது மாநிலத்தின் கையில் இல்லை. நாட்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 முதல் விதி இன்னும் இறுகியது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை அகதிகளுக்கு இடமில்லை. விளைவு: பட்டம் பெற்ற இளைஞருக்கும் அரசுப் பணி எட்டாக்கனி.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்த வாக்கை மத்திய அரசு காப்பாற்ற வேண்டும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கத் தனி வழி வகுக்கட்டும். தாயகம் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு ஆவணங்களும், அங்கே நிலமும் பள்ளியும் கிடைப்பதை இந்திய, இலங்கை அரசுகள் உறுதி செய்யட்டும். பெற்றோர் உயிர் பிழைக்கக் கடல் கடந்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிப்பது நியாயமல்ல.