ஆப் செய்ய ஆசை... லேப்டாப் படுத்துதா? வழி இருக்கு!

பண்டசோழநல்லூரில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மா தினமும் சொசைட்டிக்கு ஊற்றும் பால் கணக்கைக் குறித்துவைக்க ஒரு சின்ன ஆப் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்குகிறார். அன்றைய டேட்டா காலி. மறுநாள் 'எஸ்.டி.கே. இல்லை' என்கிறது திரை. அதைச் சரிசெய்தால் இன்னொரு சிவப்பு எழுத்து. மூன்றாம் நாள், 'நமக்கெல்லாம் இது வராது' என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்.

இதுவரை அவர் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. தோற்றது அவர் இல்லை, இன்ஸ்டலேஷன்தான்!

அரைத்த மாவு மாதிரி

இதற்கு ஒரு தீர்வுதான் ரெடிமேட் 'விர்ச்சுவல் மெஷின்'. உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. ஊறவைக்காமல், அரைக்காமல் கடையில் மாவு வாங்கி தோசை ஊற்றுகிறோமே, அப்படித்தான். ஆப் செய்யத் தேவையான எல்லாவற்றையும் ஒருவர் முன்கூட்டியே போட்டு, ஒரே ஃபைலாகத் தந்துவிடுவார். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் போதும். உள்ளே ஏதாவது கெட்டுப்போனாலும் உங்கள் விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது.

இது கிராமத்துப் பிள்ளைகளின் பிரச்னை மட்டுமில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமே, புதிதாகக் கணினி கற்கும் மாணவர்களுக்கான 'சி.எஸ்.50' வகுப்பில் 2011 முதல் இப்படி ஒரு ரெடிமேட் மெஷினைத்தான் கொடுத்தது. 2015-ல் பிரவுசரிலேயே இயங்கும் முறைக்கு மாறியது.

உங்கள் லேப்டாப்பில் ரேம் எவ்வளவு?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விர்ச்சுவல் மெஷின் உங்கள் ரேமில் பங்கு கேட்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கோ தனியாகவே குறைந்தது 8 ஜி.பி. ரேம் வேண்டும்.

* 16 ஜி.பி.: தாராளமாக விர்ச்சுவல் மெஷின் போடலாம். பாதி ரேமை அதற்குக் கொடுங்கள். பயாஸில் 'விர்ச்சுவலைசேஷன்' ஆன் ஆகியிருக்க வேண்டும்.
* 8 ஜி.பி.: விர்ச்சுவல் மெஷின் வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நேரடியாகப் போடுங்கள். ஜாவா அதனுடனேயே வந்துவிடுகிறது, தனியாக இறக்கிக் குழம்ப வேண்டாம்.
* 4 ஜி.பி.: எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர். பிரவுசரில் கட்டங்களை இழுத்துப் பொருத்தியே ஆப் செய்யலாம், இலவசம். 2010-ல் கூகுள் தொடங்கியது, இப்போது எம்.ஐ.டி. நடத்துகிறது. பால் கணக்கு ஆப்புக்கு இதுவே போதும்.

எமுலேட்டர் வேண்டாம், போன் இருக்கே!

திரையில் பொம்மை போன் காட்டும் எமுலேட்டர்தான் ரேமை அதிகம் விழுங்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள் அதை ஓட்டினால் நத்தை வேகம். உங்கள் போனிலேயே சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் 'யு.எஸ்.பி. டீபக்கிங்' ஆன் செய்து, கேபிளில் இணைத்தால் ஆப் போனுக்கே வந்துவிடும். வேலை முடிந்ததும் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

டேட்டாவை மிச்சப்படுத்த...

விர்ச்சுவல் மெஷின் ஃபைல் பல ஜி.பி. இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள். கல்லூரி லேபில் ஒருவர் இறக்கினால், மற்றவர்கள் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். காப்பி பாதியில் நின்றால் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். 'ஃபேட்32' வகை பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' ஆக ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு முன் உள்ளே இருக்கும் போட்டோக்களை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள், எல்லாம் அழிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: யாரோ தயாரித்த மெஷினில் உங்கள் வங்கிக் கணக்கையோ மெயிலையோ திறக்காதீர்கள். ஆசிரியரோ, தெரிந்த நிறுவனமோ தருவதை மட்டும் பயன்படுத்துங்கள்.

காலையில் ஊற்றிய பாலையும் மாலையில் ஊற்றிய பாலையும் கூட்டிக் காட்டும் ஒரு திரை. முதல் ஆப் அவ்வளவு இருந்தால் போதும். அம்மா அதில் ஒருநாள் கணக்குப் பார்த்துவிட்டால், அடுத்த ஆப் தானாக வரும்.